நாரியில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலி



"நாரி பிடித்துக்கொண்டது" என்ற பேச்சைக் கேட்காத வீடு நம் மத்தியில் இல்லை. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கும்போது, குனிந்து முற்றம் கூட்டும்போது, அழுகின்ற பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் அள்ளி வைக்கும்போது சட்டென்று ஒரு பிடிப்பு. தைலம் தேய்த்து, சூடு வைத்து, இரண்டு மூன்று நாளில் எழுந்து நடமாடி விடுகிறோம்.

ஆனால் சிலருக்கு அந்த வலி இடுப்போடு நிற்பதில்லை. பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக ஓடி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இழுக்கிறது. இருமினால், தும்மினால், மலங்கழிக்க முக்கினால் உயிர் போகிறது. இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. இதைத்தான் வைத்தியர்கள் 'சியாட்டிக்கா' என்கிறார்கள். நம் வீடுகளில் "டிஸ்க் விலகிவிட்டது" என்கிறோம்.

இந்த நோயில் நாம் பயப்படத் தேவையில்லாதவற்றுக்கு மிகவும் பயப்படுகிறோம். உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்றை வெட்கத்தால் மறைத்து விடுகிறோம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இம்மாதப் பக்கத்தின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

நம் முள்ளந்தண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சிறு எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே முக்கோண வடிவில் திரிகஎலும்பு இருக்கிறது. இந்த எலும்புகள் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க, இடையிடையே 23 தட்டுகள் உள்ளன. இவைதான் டிஸ்க்குகள்.

ஒவ்வொரு தட்டுக்கும் வெளியே நார்களால் பின்னப்பட்ட வலுவான வளையம் ஒன்று உண்டு. உள்ளே, நோன்பு திறக்க நாம் செய்யும் கடற்பாசி போன்ற மென்மையான களி இருக்கிறது. வயது ஏற ஏற இந்தக் களியின் நீர்த்தன்மை குறைகிறது. வளையத்தில் மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. ஒரு நாள் பாரம் தூக்கும்போதோ, சும்மா குனியும்போதோ அந்த வெடிப்பின் வழியே களி வெளியே பிதுங்குகிறது. அது பக்கத்தில் உள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்துவது மட்டுமல்ல, அந்தக் களி பட்ட இடத்தில் நரம்பு வீங்கிப் புண்ணாகிறது. அதனால்தான் சிறிய பிதுக்கம்கூடச் சிலருக்குப் பெரிய வலியைத் தருகிறது.

இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும் திரிகஎலும்பிலிருந்தும் வரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து சியாட்டிக் நரம்பாகின்றன. நம் உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பு இதுதான். ஏறக்குறைய ஒரு விரலின் பருமன் இருக்கும். இது பிட்டத்தின் வழியே பாதம் வரை இறங்குகிறது. இடுப்பில் வேர் நசிபட்டால் காலில் வலிப்பது இதனால்தான். காலைத் தேய்த்துத் தேய்த்து வலி போகாததற்குக் காரணமும் இதுவே.

இந்தத் தொடர்பை வைத்திய உலகம் தெளிவாக ஏற்றுக்கொண்டது 1934ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், பிதுங்கிய தட்டே நரம்பை அழுத்திக் கால் வலியைத் தருகிறது என்பதைத் தம் நோயாளர்களைக் கொண்டு நிறுவிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். 'விலகிவிட்டது' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. தட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. அது வழுக்கி வெளியே போவதில்லை. உள்ளிருக்கும் களிதான் பிதுங்குகிறது. ஆகவே கையால் பிடித்துத் தள்ளியோ, நெட்டி முறித்தோ "இடத்தில் வைத்து விடுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கத்தையும், காலுக்கு வலி இறங்கும் நாட்களில் அடியோடு விட்டுவிடுங்கள்.

இது அந்த வலிதானா?

எல்லா இடுப்பு வலியும் சியாட்டிக்கா அல்ல. பெரும்பாலானவை வெறும் தசைப்பிடிப்புத்தான். நரம்பு வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. அநேகமாக ஒரு காலில் மட்டும் வரும். இடுப்பைவிடக் காலில் வலி கூடுதலாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கும். கூடவே விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருக்கும்.

பெரும்பாலான பிதுக்கங்கள் இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளில்தான் ஏற்படுகின்றன. அவற்றில் மேல் தட்டு என்றால், கெண்டைக்காலின் வெளிப்புறமாக வலி இறங்கிப் பெருவிரலை நோக்கிப் போகும். பெருவிரலை மேலே தூக்குவது கடினமாகும். கீழ்த்தட்டு என்றால், கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலுக்கும் சின்னவிரலுக்கும் போகும். நுனிக்காலில் நிற்பது கடினமாகும். உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை வைத்தியர் மெல்லத் தூக்கிப் பார்ப்பார். பாதி தூக்குமுன்பே வலி காலில் இறங்கினால், நரம்பு வேர் நசிபட்டிருக்கக்கூடும் என்று அவர் கருதுவார்.

நீரிழிவு உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பாதங்களும் சேர்ந்து எரிவதும் மரப்பதும் அநேகமாகச் சீனி வியாதி தரும் நரம்புப் பாதிப்பாக இருக்கும். அது வேறு, அதற்குரிய வைத்தியமும் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி மருந்து வாங்க வேண்டாம்.

நல்ல செய்தி

பிதுங்கிய தட்டு என்றென்றும் அப்படியே இருப்பதில்லை. வெளியே வந்த களியை உடம்பே அந்நியப் பொருளாக எண்ணி, வெள்ளணுக்களை அனுப்பிச் சிறிது சிறிதாகத் தின்று கரைக்கிறது. ஸ்கேனில் பெரிதாகத் தெரியும் பிதுக்கம் சிறியதைவிட நன்றாகக் கரைந்து போவதும் உண்டு. ஆகவே "பெரிய டிஸ்க்" என்று கேட்டவுடன் மனம் உடைந்து போகாதீர்கள்.

நெதர்லாந்தில் 183 சியாட்டிக்கா நோயாளர்களை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களைத் தம்மால் இயன்றவரை வழமைபோல நடமாடச் சொன்னார்கள். 1999இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? 12 வாரங்களின் பின் இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் தமக்குக் குணம் என்றார்கள். படுத்துக் கிடந்ததால் எந்த மேலதிக நன்மையும் இல்லை.

ஸ்கேன் பற்றியும் சொல்ல வேண்டும். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது ஒரு தட்டாவது வீங்கியிருந்தது. நூற்றுக்கு 27 பேருக்குப் பிதுக்கமே இருந்தது. அவர்களுக்கோ எந்த நோவும் கிடையாது! எனவே வலி வந்த முதல் வாரத்திலேயே காப்பை அடகு வைத்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. அபாய அறிகுறி இருந்தால், அல்லது ஆறு வாரமாகியும் குறையாமல் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசும் கட்டம் வந்தால், ஸ்கேன் அவசியமாகும். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வலி கடுமையாக உள்ள ஓரிரு நாட்கள் சாய்ந்து ஓய்வெடுப்பதில் தவறில்லை. மல்லாக்கப் படுத்தால் முழங்கால்களுக்குக் கீழே தலையணை வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இரு முழங்கால்களுக்கும் இடையில் வையுங்கள். எழும்பும்போது நேராக எழ வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

அதன்பின் நடக்கத் தொடங்குங்கள். முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. பின்பு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நடக்கும்போது வலி சற்று இருப்பதால் நரம்பு கெட்டுவிடாது. ஆனால் வலி காலில் மேலும் கீழே இறங்கிப் பரவினால் அந்த அசைவை அன்றைக்கு நிறுத்துங்கள். பாதத்தில் இருந்த வலி மெல்ல மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால், அது குணமாகும் அடையாளம். நாரியில் வலி கூடிவிட்டதே என்று பயப்படாதீர்கள்.

தைலமும் சூட்டுப் பையும் தசையைத் தளர்த்தி இதம் தரும். விறைப்பு உள்ள காலில் சூட்டுப் பை வைக்காதீர்கள்; சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நம் வீட்டு வேலைகளில் முள்ளந்தண்டுக்கு மிகவும் பாரமானது, குனிந்தபடி தூக்குவதும், தூக்கியபடி திரும்புவதும்தான். சுமையை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கி எழும்பினால் பாரம் வெகுவாகக் குறையும். வாளியைப் பாதியளவு நிரப்புங்கள். ஒரு பெரிய வாளிக்குப் பதிலாக இரண்டு சிறிய வாளிகளை இரு கைகளிலும் எடுங்கள். அரிசி மூடையையும் காஸ் சிலிண்டரையும் நீங்கள் தூக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆண்பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்? விளக்குமாற்றுக்கு நீண்ட பிடி போடுங்கள். தரையில் குந்தித் துருவலையில் தேங்காய் துருவுவதை விட்டு, துருவலையை மேசையில் பொருத்திக்கொள்ளுங்கள். உடுப்புக் கழுவும் பேசினைத் தரையில் வைக்காமல் ஒரு வாங்கின் மேல் வையுங்கள். பிள்ளையை நின்றபடி குனிந்து தூக்காமல், நீங்கள் அமர்ந்து மடியில் ஏறச் செய்யுங்கள். நோன்பு மாதத்தில் கஞ்சிக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் வேலை, வலி உள்ளவருக்கு உரியதல்ல.

தையல் மெஷினில் இருக்கும் சகோதரிகள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து நான்கு அடி நடக்க வேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், போதிய தண்ணீர் எடுங்கள். முக்கும்போது வலி கூடுவதை இது குறைக்கும். புகைத்தல் தட்டுகளுக்குச் செல்லும் போஷாக்கைக் குறைக்கிறது. இதை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடும் வலி அடங்கியபின் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பலம் தரும் பயிற்சிகளைச் செய்வது நல்லது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. பெண் இயன் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுப் போகலாம்.

வுளூவும் தொழுகையும்

"ருகூவுக்குக் குனிய முடியவில்லை, சுஜூதிலிருந்து எழ முடியவில்லை, கதிரையில் இருந்து தொழ மனம் வருகுதில்லை" என்று பல சகோதரிகள் வருந்துகிறார்கள். நிற்க இயலாதவருக்கு இருந்தும், இருக்க இயலாதவருக்குப் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. வலியைச் சகித்துக்கொண்டு குனிந்து நோயை வளர்ப்பதை அது நம்மிடம் கேட்கவில்லை. கடும் வலி உள்ள நாட்களில் உறுதியான கதிரையில் அமர்ந்து, ருகூவுக்குச் சற்றும் சுஜூதுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சாய்ந்து தொழலாம். உங்கள் நிலைக்கேற்ற விபரத்தை ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். வுளூவின்போது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை பேசினுக்குத் தூக்காதீர்கள். சிறு வாங்கில் அமர்ந்து காலைக் கழுவுங்கள்.

குளிசைகள் பற்றி

டைக்லோஃபெனாக், இப்புரூபன் போன்ற வலிக் குளிசைகள் வீக்கத்தையும் வலியையும் ஓரளவு தணிக்கும். அவற்றைச் சாப்பிட்டபின், குறைந்த நாட்களுக்கு, வைத்தியர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பார்மஸியில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. நோன்பு காலத்தில் மருந்து நேரங்களை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நம் நாட்டுக்கு அவசியமான இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சலோடு உடம்பும் முதுகும் வலித்தால் அது டெங்குவாக இருக்கலாம். அந்நேரம் இந்தக் குளிசைகளும் அஸ்பிரினும் இரத்தப்போக்கை உண்டாக்கிவிடும். அப்போது பரசிட்டமோல் தவிர வேறு எதையும் தொடாமல் வைத்தியரிடம் போங்கள்.

'நரம்புக் குளிசை' என்று கொடுக்கப்படும் பிரிகபலினை அவுஸ்திரேலியாவில் சியாட்டிக்கா நோயாளர்களிடம் சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் குளிசையைவிட அது வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை; தலைச்சுற்றுத்தான் கூடியது என்று 2017இல் தெரியவந்தது. ஏற்கனவே எடுப்பவர்கள் சடுதியாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் பேசுங்கள். விட்டமின் ஊசிகள், அந்தச் சத்துக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும். பிதுங்கிய தட்டை அவை கரைப்பதில்லை.

வெட்கத்தால் மறைக்கக் கூடாதது

சகோதரிகளே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.

முள்ளந்தண்டின் அடிப்பகுதியில், குதிரை வால்போல ஒரு நரம்புக் கற்றை தொங்குகிறது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தி, மறைவிடத்தின் உணர்வு எல்லாம் அந்தக் கற்றையின் வழியே வருகின்றன. மிக அரிதாக, பெரிய பிதுக்கம் ஒன்று அந்தக் கற்றை முழுவதையும் நசித்துவிடும். அப்போது தெரியும் அறிகுறிகள் இவை:

சிறுநீர் முட்டியும் கழியாமல் இருப்பது, அல்லது தெரியாமலே கசிவது. மலத்தை அடக்க முடியாமல் போவது. கழுவும்போது மறைவிடத்திலும் மலவாசலைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் தண்ணீர் படுவதே தெரியாமல் மரத்துப் போவது. தாம்பத்திய உணர்வு திடீரென இல்லாமல் போவது. இரண்டு கால்களிலும் சேர்ந்து வலியோ பலவீனமோ வருவது.

இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் அது அவசர நிலை. விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும், கணவர் வெளிநாட்டிலிருந்து கோல் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்தால் நரம்புகளைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாட்கள் போனால், ஆயுள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு வாழும் நிலைகூட வரலாம்.

இதை ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று கூசுகிறீர்களா? பெண் வைத்தியரையோ தாதியையோ கேளுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் "மறைவிடத்தில் உணர்வில்லை, சிறுநீர் போகவில்லை" என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி போதும். வெறுமனே "நாரி நோகுது" என்று சொன்னால், குளிசை தந்து அனுப்பிவிடுவார்கள்.

பாதம் மேலே தூக்க முடியாமல் தொங்குவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இரவெல்லாம் ஓயாத வலி, விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால், காரணம் தட்டாக இல்லாமல் வேறொன்றாக இருக்கலாம். வயது சென்ற உம்மாமார்களுக்கு இலேசாக விழுந்தாலும் முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

சத்திரசிகிச்சை என்றால்...

"நாரியில் கத்தி வைத்தால் கால் விளங்காது" என்ற பயம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் இந்தச் சத்திரசிகிச்சையில் ஆபத்துகள் இல்லாமல் இல்லை; ஆனால் கால் வழங்காமல் போவது மிக அரிது. அதே வேளை, எல்லோருக்கும் அது தேவைப்படுவதுமில்லை. நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்து 2007இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், முன்கூட்டியே சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கால் வலி விரைவில் நீங்கியது. ஆனால் ஒரு வருட முடிவில், காத்திருந்தவர்களும் அவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்குப் பின்னர் வலி தாங்காமல் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது.

இதன் பொருள், அபாய அறிகுறி இல்லாதவரை அவசரப்படத் தேவையில்லை. முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முயன்றும் வலி வாழ்க்கையை முடக்கினால், சத்திரசிகிச்சை ஒரு நல்ல வழிதான். அதற்கு மாமியோ அயலவரோ சொல்லும் கதைகளைவிட, நிபுணரின் விளக்கத்தைக் கேளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்த வலி வெளியே தெரியாது. காயமில்லை, கட்டில்லை. "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லி ஒரு பெண்ணைக் குனிய வைப்பது அநியாயம். "எழும்பாதே, நடக்காதே" என்று மாதக் கணக்கில் படுக்க வைப்பதும் அவளுக்குச் செய்யும் கெடுதிதான். பாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் நடக்கும்போது கூட நடங்கள்.

உங்கள் உம்மாவோ, மாமியோ, லாத்தாவோ காலை இழுத்து நடப்பதைக் கண்டால், இன்றைக்கே அவர்களைத் தனியாக அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா? கழுவும்போது உணர்வு இருக்கிறதா? பாதத்தைத் தூக்க முடிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால், கையைப் பிடித்து முற்றத்தில் நான்கு அடி நடக்க வையுங்கள். ஒன்றுக்காவது "இல்லை" என்றால், அப்போதே வாகனத்தைக் கூப்பிடுங்கள்.